உங்களுக்குத் தெரியுமா? கைக்குத் தெரியாமல் கரையும் காசு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர்கள் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். டிக்கெட் தீர்ந்துபோன கூடைப்பந்து ஆட்டம் ஒன்றுக்கு மாணவர்களை ஏலம் கேட்க வைத்தார்கள். ரொக்கம் தர வேண்டியவர்கள் கேட்ட விலையைவிட, கிரெடிட் கார்டில் கட்டப்போகிறவர்கள் கேட்டது சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஆட்டம், அதே டிக்கெட். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனசுக்குள் சுருக்கென்று ஒரு வலி வருமே, அட்டை அதை மரத்துப்போகச் செய்துவிடுகிறது.

2022-ல் வந்த யுபிஐ லைட்டில் சின்னத் தொகைகளுக்கு ரகசிய எண்கூட வேண்டாம். கீரைக்காரம்மாவுக்குக் கொடுக்க வசதிதான். ஆனால் எண்ணைத் தட்டும்போது வரும் இரண்டு நொடித் தயக்கமும் போயிற்று. வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து அதில் போட்டு வைப்பது நல்லது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி திதரோ தம் பழைய வீட்டு அங்கியைப் பிரிந்த வருத்தத்தைக் கட்டுரையாகவே எழுதினார். புதிதாக வந்த சிவப்பு அங்கியின் பக்கத்தில் அறையிலிருந்த மற்றவை மங்கிப்போக, வைக்கோல் பின்னிய நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது, மேசையும் மாறியது. மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988-ல் இதற்குத் 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார். பட்டுப்புடவை எடுத்த வாரமே செட் வளையல், செருப்பு, கைப்பை என்று கடை ஏறுகிறோமே, அதேதான்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன", "சலுகை 10 நிமிடத்தில் முடிகிறது" என்று செயலிகள் பொய்யாக அவசரப்படுத்துவது நம் நாட்டில் விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடைக்குள் காப்பீட்டையோ நன்கொடையையோ நுழைப்பது, கடைசித் திரையில் மட்டும் கூடுதல் கட்டணத்தைக் காட்டுவது, சந்தாவில் சேர ஒரே தட்டும் விலக ஏழு பக்கமும் வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. "வேண்டாம்" என்று அழுத்தினால் குற்ற உணர்வு வரும்படி வாசகம் எழுதுவதும்கூட! எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். சிக்கனமாக இருப்பவரை வெட்கப்பட வைக்கிறார்கள். இப்படி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு, எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம். யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். எப்போதோ மறந்த ஒன்று அங்கே மாதாமாதம் தின்றுகொண்டிருக்கலாம்.

டெலிவரிக் கட்டணம் 40 ரூபாய்தானே? தினமும் ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 14,600.

கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி உண்டு என்பது தெரியும். வட்டியில்லாத நாட்களும் பறிபோகும் என்பது பலருக்குத் தெரியாது. அடுத்து வாங்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதம் 3.5 சதவீதமோ அதற்கு மேலோ. 3.5 என்றாலே ஆண்டுக்கு 42.

ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர்களில் ஒருவரான ஹானி மோதோகோ, 1904-ல் 'காகெய்போ' என்ற வீட்டுக் கணக்கு நோட்டை வெளியிட்டார். செலவைக் கையால் எழுதுவதே அதன் உயிர். எங்கள் அம்மா மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதியது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இந்த வருஷம் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் மாதமே ஒன்று பிடிபட்டது: தேவையில்லாமல் வாங்கியதில் பாதிக்கு மேல் இரவு பத்து மணிக்குப் பிறகு, படுத்துக்கொண்டே வாங்கியது. இப்போது பத்து மணியானால் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது.