மனிதனைத் தின்றது யார்?

'தொதொ யொனொயெ கமரா.' பிரேசில் நாட்டில் நியாமுண்டா ஆற்றங்கரையில் வாழும் ஹிஷ்காரியானா மக்களின் மொழியில் அமைந்த வாக்கியம் இது. 'தொதொ' என்றால் மனிதன். 'கமரா' என்பது ஜாகுவார் என்னும் புலியின விலங்கு. 'யொனொயெ' என்றால் தின்றது. அப்படியானால் மனிதன் ஜாகுவாரைத் தின்றான் என்றுதானே பொருள்? அதுதான் இல்லை. தின்றது ஜாகுவார், இரையானவன் மனிதன்!

தமிழில் 'மனிதனை' என்று ஐ உருபு சேர்த்துவிடுகிறோம். பிறகு சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஹிஷ்காரியானாவில் அத்தகைய உருபு கிடையாது. முதலில் செயப்படுபொருள், அடுத்து வினை, கடைசியில் எழுவாய் என்ற வரிசையே பொருளைக் காட்டுகிறது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1963-இல் ஜோசப் கிரீன்பர்க் என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 30 மொழிகளை ஒப்பிட்டு, எழுவாய் செயப்படுபொருளுக்கு முன்னால் வருவதே ஏறக்குறைய எங்கும் வழக்கம் என்று எழுதினார். 'ஏறக்குறைய' என்று அவர் எச்சரிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் செயப்படுபொருளை முதலில் வைப்பதையே இயல்பாகக் கொண்ட மொழி உலகில் இல்லை என்று பலர் கருதிவிட்டனர். ஹிஷ்காரியானா மக்களிடையே தங்கி அவர்கள் மொழியைக் கற்ற டெஸ்மண்ட் டார்பிஷயர், 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் அப்படியொரு மொழி இருப்பதைக் காட்டினார்.

அந்த வினைச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். நடுவிலுள்ள 'ஒனொ' தின்னுதலைக் குறிக்கும். முன்னுள்ள 'ய்', ஒரு படர்க்கை மற்றொரு படர்க்கைமீது செயல் புரிந்ததைச் சொல்லும். ஈற்றிலுள்ள 'யெ' காலம் காட்டும். நமக்கு இறந்தகாலம் ஒன்றே; அவர்களுக்கோ மூன்று. இன்றோ நேற்றிரவோ நடந்ததற்கு ஒரு விகுதி; நேற்று முதல் சில மாதங்கள் முன்புவரை நடந்ததற்கு வேறொன்று; அதற்கும் முற்பட்டதற்கு 'யெ'. ஆகவே இந்த வாக்கியத்தைக் கேட்டதும் வில்லைத் தேடி ஓட வேண்டியதில்லை. அது பழைய கதை!

ஹிஷ்காரியானா, கரீபிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெனிசுலாவில் பேசப்படும் யெக்குவானாவும், சுரினாம், பிரேசில் நாடுகளில் பேசப்படும் டிரியோவும் இதன் உறவுகளே. டிரியோ மொழியில் இறைச்சி தின்பதற்கு ஒரு வினை, பழம் தின்பதற்கு ஒன்று, ரொட்டிக்கு இன்னொன்று. அங்கே ஒருவர் சாப்பிட்டேன் என்றால், என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வினையிலேயே கிடைத்துவிடும்.