மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாதா?

மாரடைப்பு வந்தவருக்கு உடனே ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா? இதற்கு விடை காண ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 16 நாடுகளில், 417 மருத்துவமனைகளில், 17,187 நோயாளிகளைக் கொண்டு ஒரு மாபெரும் சோதனை நடத்தினார்கள். யாருக்கு ஆஸ்பிரின், யாருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. முடிவு 1988 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஐந்து வாரங்களுக்குள், போலி மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 11.8 பேர் இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்திருந்தனர். ஆஸ்பிரின் பெற்றவர்களில் 9.4 பேர்தான்.

இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் இதழாசிரியர்கள் விடவில்லை. நோயாளிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் முடிவைத் தனித்தனியே காட்டச் சொன்னார்கள். இப்படிக் கூறுபோடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது ஆய்வுக் குழுவின் புள்ளியியலறிஞர் ரிச்சர்டு பீட்டோவின் கருத்து. ஆகவே குழுவினர் ஒரு நிபந்தனை போட்டார்கள்: ராசிப் பிரிவும் அட்டவணையில் இடம்பெற வேண்டும்!

அந்த அட்டவணை சொன்னது என்ன தெரியுமா? மிதுனம், துலாம் ராசிக்காரர்களுள் ஆஸ்பிரின் உண்டவர்களில் 11.1 சதவீதமும், போலி மாத்திரை உண்டவர்களில் 10.2 சதவீதமும் இறந்திருந்தனர். அதாவது மருந்தே கேடு! மற்றப் பத்து ராசிகளுக்கோ மிகுந்த நன்மை. (அங்கே ராசி என்பது பிறந்த தேதியைக் கொண்டது, நம்மூர்ச் சோதிடம் போல் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டதன்று.)

கோள்களுக்கு இதில் வேலை எதுவுமில்லை. பத்து முறை நாணயம் சுண்டினால் ஏழு தலை விழுவது அரிதன்று. ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு தலை விழுமென்று எதிர்பார்க்கவே முடியாது. கூட்டத்தைக் கூறுபோடக் கூறுபோட, ஒவ்வொரு கூறிலும் எண்ணிக்கை குறைந்து தற்செயலின் ஆட்டம் பெருகுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லாதபோது, தற்செயலால் மட்டுமே இவ்வளவு வேறுபாடு தோன்றும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் குறைவு என்றால், அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவது மருத்துவ ஆய்வுகளில் வழக்கம். பலனே இல்லாத ஒரு மருந்தை 12 கூறுகளில் இந்த அளவுகோலால் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கூறு நம்மை ஏமாற்றாமலிருக்க நிகழ்தகவு 0.95. பன்னிரண்டு 0.95-களை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள், 0.54 வரும். ஆக, ஒரு கூறாவது ஏமாற்றுவதற்கு 46 சதவீத வாய்ப்பு!

ராசி என்றதும் சிரிக்கிறோம். கூறு 'ஆண், பெண்' என்றிருந்தால் சிரிப்பு வருவதில்லை, நம்பிவிடுகிறோம். பக்கவாதத்தின் முன்னறிகுறி கண்டவர்களில் ஆண்களுக்கு ஆஸ்பிரின் பயன்தருகிறது, பெண்களுக்குத் தரவில்லை என்று 1978இல் கனடா நாட்டு ஆய்வொன்று கூறியது. அதில் பங்கேற்றவர்கள் மொத்தம் 585 பேரே; பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1980இல் ஆண்களுக்கு மட்டுமே இப்பயன்பாட்டை அங்கீகரித்தது. பிற்பாடு பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது பெண்களுக்கும் ஏறத்தாழ அதே நன்மை இருப்பது தெரிந்தது. அந்த அங்கீகாரம் பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது 1998ஆம் ஆண்டில்.