எட்டு வயதில் ஏறும் ஏணி

ஆக்ஸ்போர்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது பல்கலைக் கழகம். ஆனால் அந்த நகரின் வடபகுதியில், செர்வெல் ஆற்றங்கரையில், இன்னொரு கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே பட்டம் தருவதில்லை. சிறுவர்க்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். டிராகன் பள்ளி என்று பெயர். ஆளும் வரிசை ஒரு நாட்டில் எப்படி அமைகிறது என்பதை அறிய விரும்புவோர், பாராளுமன்றத்தைப் பார்ப்பதற்கு முன் இத்தகைய பள்ளியைப் பார்க்க வேண்டும் என்போம் நாம்.

கல்லூரி ஆசிரியர் மணம் செய்துகொண்டால் பதவியைத் துறக்க வேண்டும் என்பது ஆக்ஸ்போர்டில் நெடுங்கால விதி. துறவிமடத்து வழக்கத்தின் மிச்சம் அது! 1877இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், அந்த விதி தளர வழி வகுத்தது. அதே ஆண்டில் பல்கலைக் கழகத்தார் சிலர் கூடி, தங்கள் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். முதலில் சேர்ந்த சிறுவர் 14 பேர். குழுவினரில் ஒருவர் பெயர் ஜார்ஜ். டிராகன் என்னும் பறக்கும் நாகத்தைக் கொன்ற வீரன் ஜார்ஜ் என்பது அந்நாட்டுப் பழங்கதை. "அவர் ஜார்ஜ் என்றால் நாங்கள் டிராகன்கள்" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டனர் பிள்ளைகள். விளையாட்டுப் பெயரே பிற்காலத்தில் பள்ளியின் பெயராக நிலைத்துவிட்டது.

1886இல் லைனம் என்பவர் தலைமையேற்றார். படகோட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். ஆகவே 'ஸ்கிப்பர்', அதாவது படகுத் தலைவர், என்றே பிள்ளைகள் அவரை அழைத்தனர். 1920இல் அவருடைய தம்பி, அவருக்குப் பின் தம்பியின் மகன் என, 1965 வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது அப்பள்ளி. ஆசிரியரைப் பட்டப்பெயரிட்டு நேரிலேயே அழைக்கும் உரிமை, பிரம்படிக்குப் பேர்போன அந்நாட்டில், சிறிய செய்தியல்ல. நல்லதை நல்லதென்று கூற நாம் தயங்க மாட்டோம்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதை 'பிரிபரேட்டரி' பள்ளி, ஆயத்தப் பள்ளி, என்கிறார்களே, எதற்கு ஆயத்தம்?

எட்டு வயதில் சேரும் சிறுவன் பதின்மூன்றாம் வயதில் ஈட்டனுக்கோ வின்செஸ்டருக்கோ போக வேண்டும். அதற்கான பொது நுழைவுத் தேர்வு 1904இல் ஏற்பட்டது. அப்பள்ளிகளுக்குப் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர். பெயர்தான் பொது, நுழைய வேண்டுமானால் பணம் வேண்டும்! அங்கிருந்து பல்கலைக் கழகம். அங்கிருந்து அமைச்சரவை, நீதிமன்றம், வங்கி. ஏணி நீளமானது. முதற்படி எட்டு வயதில் வைக்கப்படுகிறது.

ஹால்டேன் என்ற மேதையை நம் நாடு அறியும். பொதுவுடைமையாளர், உயிரியல் அறிஞர், 1957இல் கல்கத்தா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். அவர் அந்தப் பள்ளியின் மாணவர். அங்கிருந்து ஈட்டன் சென்றார். அவருடைய தங்கை நவோமியும் அதே பள்ளியில், சிறுவர்களுக்கு நடுவே அமர்ந்து படித்தார். அண்ணனுக்கு ஈட்டன்; தங்கைக்கு? பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் ஓர் ஆசிரியை வந்து சொல்லிக்கொடுத்தார். நம் வீடுகளில் மட்டுமே நடந்த கொடுமை என்று எண்ணியிருந்தோமே, ஆக்ஸ்போர்டுப் பேரறிஞர் வீட்டிலும் நடந்திருக்கிறது! அந்த நவோமி மிட்சிசன் பின்னர் எண்பதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதி, 1999இல் 101 வயதில் மறைந்தார். பள்ளி முழு அளவில் பெண்களுக்கும் உரியதானது 1994இல்தான்.

இன்னொரு மாணவர் கெயிட்ஸ்கெல். 1955 முதல் 1963 வரை தொழிற்கட்சியின் தலைவர். உழைப்பாளர் கட்சியின் தலைவரும் அதே ஏணியில் ஏறி வந்தவர்தான். அவரை நாம் குறைகூறவில்லை. ஏழைக்காகப் பேசுவதற்குக்கூடச் சீமான் பள்ளியில் பயிற்சி பெற வேண்டிய நிலை இருந்ததே, அதைத்தான் சுட்டுகிறோம்.

மாற்ற முயலவில்லையா? முயன்றார்கள். உயர்ந்த பள்ளிகளில் கால்பங்கு இடத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்று 1944இல் ஃபிளெமிங் குழு கூறியது. ஏட்டளவில் நின்றது. 1965இல் தொழிற்கட்சி அரசு ஓர் ஆணையம் அமைத்தது, அறிக்கைகள் வந்தன, பள்ளிகள் அசையவில்லை. 2025 சனவரி முதல் தேதியன்றுதான் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது 20 விழுக்காடு வரி விழுந்தது. அதற்கே எழுந்த கூக்குரல் கொஞ்சமல்ல!

"எங்கள் பணம், எங்கள் பிள்ளை, உங்களுக்கென்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோல் தோன்றும். பிள்ளைக்கு நல்ல கல்வி தேடுவது எந்தப் பெற்றோருக்கும் உரிமைதான். ஆனால் பிரிட்டனில் தனியார் பள்ளியில் பயில்வோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. அந்தச் சிலர் பதவிகளில் பெரும்பங்கு பெறுகிறார்கள் என்றால், அது கல்வியை வாங்குவது மட்டுமாகுமா? நாளைய நாற்காலிக்கு இன்றே முன்பணம் கட்டுவதாகாதா?

டிராகன் பள்ளியை இடிக்கச் சொல்லவில்லை நாம். அங்கே இருக்கும் ஆற்றங்கரையும் ஆடுகளமும், பிள்ளையை அன்போடு நடத்தும் ஆசிரியரும், ஊருக்கு ஊர் வேண்டும் என்கிறோம். 14 பிள்ளைகளுக்காகப் பேராசிரியர் சிலர் கூடிச் செய்ததை, எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஓர் அரசு செய்ய முடியாதா? முடியும். ஏணி நல்லது, எல்லார் வீட்டு வாசலிலும் சாத்தப்பட்டால்!