வெங்காயத்தின் அடித்தட்டு

பெரிய வெங்காயச் செய்கைக்குப் பெயர்பெற்றது மாத்தளை மாவட்டம். எனினும், அங்குள்ள நாவுல போன்ற ஊர்களின் அடுக்களையிலும் வெங்காயத்தின் அடித்தட்டு குப்பையையே சேர்கின்றது. உண்மையில், அத்தட்டே தாவரத்தின் தண்டு. உண்ணப்படும் வெண்செதில்கள் உணவைச் சேமித்த இலையடிகளாம். ஆதலின், காய்ந்த வேர்களுடன் ஓரங்குலம் விட்டு அரிந்த அடித்துண்டை ஈரமண்ணில் மேலாகப் பதித்தால், சின்னாட்களிற் பசுந்தாள் தோன்றும். லீக்ஸின் வெண்பகுதியும் இலையடிகளின் சுருளே. அதன் அடியைச் சிறிது நீரில் நிறுத்தி, நாள்தோறும் நீரை மாற்றி, வேர்விட்டபின் நடலாம்.

ஆயினும், இவ்வாறு தழைத்த பெரிய வெங்காயம் தாளையும் பூத்தண்டையும் தருமேயன்றி, முன்போற் பருத்த குமிழைத் தருதல் அரிது. குமிழ் வேண்டுவோர் சின்ன வெங்காயத்தை முழுதாக நடல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் நெடுங்காலமாக நடப்பட்டு வருவதும் அக்குமிழே. ஒன்று பலவாய்ப் பிரிந்து கூட்டமாக விளையும். அடித்தட்டில் உறங்கும் முளையை அறிந்தார் அதனைக் குப்பையில் இடார்.