அந்தி வானத்தின் சாட்சியம்

சென்ற வாரம் ஓஸோன் படலத்தைப் பற்றிப் பேசுகையில், அதைச் சிதைக்கவல்ல வாயுக்களில் நைட்ரஜன் டை ஆக்ஸைடுக்கும் ஓர் இடமுண்டு என்று சொல்லி நிறுத்தினோம். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் தாம் குறையாமலே ஓஸோனை ஓயாமல் அழிக்கும் தன்மையுடையவை என்று 1970-ல் விஞ்ஞானி பால் குருட்ஸன் எடுத்துக்காட்டியதும், ஒலியினும் வேகமாகப் பறக்கவிருந்த விமானங்களின் புகை அவ்வழிவை மிகுதிப்படுத்தும் என்று மறு வருஷமே அமெரிக்க ரசாயன நிபுணர் ஹரால்ட் ஜான்ஸ்டன் எச்சரித்ததும், அதுவரை எவரும் அவசரமாகக் கேட்டிராத ஒரு கேள்வியை விஞ்ஞானிகளின் முன் நிறுத்தின: ஓஸோன் படலம் இருக்கும் உயரத்திலே நைட்ரஜன் டை ஆக்ஸைடு உண்மையில் எவ்வளவு இருக்கிறது?

இதற்கு விடை காண வானத்துக்கு ஏற வேண்டியதில்லை. பூமியில் இருந்தபடியே சூரிய ஒளியைப் பகுத்துப் பார்த்தால் போதும் என்பது இவ்விஷயத்தில் வியக்கத்தக்க உண்மை. நைட்ரஜன் டை ஆக்ஸைடு ஊதா, நீலக் கதிர்களை விரும்பிக் கிரகிப்பதனாலேயே பழுப்பாகத் தோன்றுகிறது. 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களில், வேறெந்த வாயுவுக்கும் இல்லாத ஏற்ற இறக்கங்களுடன் அது ஒளியை உண்கிறது. ஆனால் நண்பகற் கிரணத்தில் அது உண்பதோ ஆயிரத்தில் சில பங்குகளே. அந்த அற்பமான தடயத்தையும், சூரியனுக்கே உரியவையும் 1814-லேயே ஃபிரவுன்ஹோபர் வரைந்து காட்டியவையுமான கருங்கோடுகள் முற்றிலும் மறைத்துவிடுகின்றன.

இவ்விரு இடையூறுகளுக்கும் அந்தி நேரமே பரிகாரமாயிற்று. ஒளியைப் பகுக்கும் கருவி சூரியனைப் பார்ப்பதில்லை. தலைக்கு நேர் மேலேயுள்ள வானத்தையே பார்க்கிறது. சூரியன் அடிவானத்தைத் தொடும்போது அதன் கதிர், ஓஸோன் படலம் அமைந்துள்ள அடுக்கு மண்டலத்தைச் சாய்வாகக் கடந்துவந்து, நம் உச்சிக்கு மேலுள்ள காற்றில் சிதறிக் கீழே இறங்குகிறது. வாழைக்காயை நேரே அரிந்தால் சிறு வட்டமும் சாய்த்து அரிந்தால் நீண்ட வில்லையும் கிடைப்பதுபோல, சாய்ந்த கதிருக்கு அம்மண்டலத்தில் நேர் பாதையைக் காட்டிலும் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட தூரம் வாய்க்கிறது. தரையை ஒட்டிய காற்றையோ அது செங்குத்தாகவே கடப்பதால், ஊர்ப்புகையின் குறுக்கீடு ஒப்பளவில் குறைந்துபோகிறது. இனி, அந்தியில் பதிந்த நிறமாலையை நண்பகலில் பதிந்த நிறமாலையால் வகுத்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவான சூரியக் கோடுகள் அநேகமாக நீங்கி, இடையிலுள்ள வாயுவின் தடயமே எஞ்சி நிற்கும்.

1973-ல் ஆலன் ப்ரூவரும் அவருடைய சகாக்களும் நிறமாலை அளவீட்டால் இவ்வாயுவைக் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஃபிரிட்ஸ் பீக் ஆய்வுக்கூடத்திலிருந்து ஜான் நாக்ஸன், 1975-ல், அடுக்கு மண்டலத்தில் இதன் அளவை அந்தி ஒளியைக் கொண்டு வெளியிட்டார். காலையை விட மாலையில் இவ்வாயு அதிகம். குளிர்காலத்தை விடக் கோடையில் அதிகம். இரவில் இது டைநைட்ரஜன் பென்டாக்ஸைடாக மாறி ஒளிந்துகொள்வதும், பகல் முழுதும் வெயிலில் அது மெல்லச் சிதைந்து மீள்வதுமே காலை மாலை வேற்றுமைக்குக் காரணம். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏறத்தாழ 50 பாகை அட்சரேகைக்கு வடக்கே இதன் அளவு திடீரெனச் சரிவதையும் நாக்ஸன் கண்டார்; அச்சரிவுக்கு ‘நாக்ஸன் செங்குத்து’ என்று அவர் பெயரே நிலைத்தது.

இக்கலையின் மகத்துவம் முழுமையாகத் துலங்கியது நியூஸிலாந்தின் தென் தீவில், லாடர் என்னும் சிற்றூரில்தான். அங்கே 1980-ன் இறுதியில் தொடங்கிய அந்தி அளவீடு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்துக் கந்தக அமிலத் துளிகளை உலகெங்கும் பரப்பியபின், லாடர் வானத்தில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. துளிகளின் மேற்பரப்பில் டைநைட்ரஜன் பென்டாக்ஸைடு நைட்ரிக் அமிலமாக மாறிப்போனதே காரணம். எரிமலைக்கு முந்திய பத்து வருஷக் கணக்கு கையிலிருந்ததனால்தான் அந்த நஷ்டத்தை எவரும் சந்தேகிக்க முடியவில்லை.

செயற்கைக்கோள்களும் இவ்வாயுவை மேலிருந்து அளந்துவருகின்றன. எனினும் அவற்றின் கணக்கைச் சரிபார்க்கத் தரையிலுள்ள கருவிகளே இன்றும் துணை நிற்கின்றன. செயற்கைக்கோளின் ஆயுளுக்கோ எல்லையுண்டு. ஒரே இடத்திலிருந்து, ஒரே முறையில், தலைமுறை கடந்து வானத்தைப் பார்த்துவரும் நிலையத்தின் ஏட்டுக்கு ஈடு கிடையாது. ஒரு வருஷம் விட்டுப்போனால் அந்த வருஷத்து வானத்தை எந்தப் பணம் கொடுத்தும் மீட்க இயலாது. ஆகவே, புதிய கருவிகளுக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியையேனும் பழைய அளவீடுகள் அறுபடாமல் தொடர்வதற்கு ஒதுக்குவது, விஞ்ஞானத்தைப் போற்றும் எந்தத் தேசத்துக்கும் கடமையாகும்.

(தொடரும்)