நெடுந்தொலை மிதிவண்டியும் மெத்தை வைத்த உடையும்

கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மிதிவண்டியில் சென்று வருவோர்க்கு எந்த உடையும் போதும். மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாது விரைந்து மிதிப்போர்க்கு அவ்வாறன்று. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய லங்காவிச் சுற்றுப் போட்டியின் வீரர்கள் உடலை ஒட்டிய உடை அணிவதைக் கண்டு, ‘இஃதென்ன நாணமற்ற கோலம்!’ என்போர் நம்மிடையே உளர். அது கோலமன்று, காப்பு.

காரணம் யாது? நாம் அமருங்கால் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள் உடற்பாரத்தைத் தாங்குகின்றன. விரைவின்பொருட்டுக் குனிந்தால் பாரம் முன்னோக்கி நகர்ந்து, தொடைகளுக்கு இடைப்பட்ட மென்பகுதியை அழுத்துகிறது. அங்குள்ள நரம்பும் குருதிக்குழாய்களும் நசுங்குவதால் மரத்துப்போதல் உண்டாகிறது. வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் தோல் புண்ணாகும். ஆதலின் அழுத்தத்தைப் பரப்புதல், உராய்வைக் குறைத்தல், ஈரத்தை அகற்றுதல் ஆகிய மூன்றும் மெத்தையின் கடமைகளாம்.

முற்காலத்து ஐரோப்பிய வீரர்கள் கம்பளிக் காற்சட்டையினுள் ‘ஷாமி’ எனப்படும் மலையாட்டின் மெல்லிய தோலைத் தைத்து அணிந்தனர். துவைத்துக் காய்ந்தால் அது விறைக்கும். களிம்பு தடவியே இளக்குவர். 1958இல் அமெரிக்காவின் டூப்பாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷைவர்ஸ் ஆக்கிய நீள்இழை, பின்னர் ‘லைக்ரா’ எனப் பெயர் பெற்று இவ்வுடையை மாற்றியது. இன்று தோலுக்கு ஈடாகச் செயற்கைப் பஞ்சு வந்துவிட்டது. எனினும் ஆங்கிலேயர் அம்மெத்தையை இன்றும் ஆட்டின் பெயராலேயே அழைக்கின்றனர். எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’, தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவானதை ஒப்பது இது.

இனித் தேர்ந்தெடுக்கும் முறை. தடித்த மெத்தையே சிறந்தது என எண்ணற்க. மிக மென்மையான பஞ்சு எலும்பின்கீழ் அமுங்கி, நடுவில் புடைத்து, நரம்பையே நெருக்கும். அடர்த்தியும் வடிவமும் நோக்குக. விரைந்து குனிந்து செல்வோர்க்கு முன்பகுதியும் நன்கு அமைந்த மெத்தை வேண்டும். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனி அமைப்பு உண்டு. தையல் எலும்புமுனையின்கீழ் வரலாகாது. தளர்ந்த உடை மடிந்து உராயும். ஆதலின் உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். கடையில் நின்றபடி பார்த்து முடிவு செய்யாதீர். வண்டியில் குனிவதுபோல் குனிந்து பாருங்கள். தோட்பட்டியுள்ள வகை மெத்தையை நழுவாமல் நிறுத்தும், வயிற்றையும் இறுக்காது. ஆயின், கழிவறை செல்கையில் கழற்றுதல் சற்றுத் தொல்லை.

இவ்வுடையினுள் வேறு உள்ளாடை அணிதல் கூடாது; அதன் தையலே புண் செய்யும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் துவைத்து நன்கு உலர்த்துக. துணியை மென்மையாக்கும் நீர்மங்கள் இழையில் படிந்து வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பஞ்சு தட்டையானால் உடையை மாற்றுக.

நல்ல உடை அணிந்தும் மரத்துப்போதல் தொடருமாயின், இருக்கையின் அகலம், உயரம், சாய்வு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். நீங்காவிடின் மருத்துவரை நாடுதல் கடன். வெட்கத்தால் மறைத்து வலியோடு மிதிக்கும் மாணவன் நாளடைவில் வண்டியையே வெறுப்பான். நாணம் தடுத்தால், மெத்தை உடையின்மேல் தளர்ந்ததொரு சிலுவாரை அணிந்துகொள்ளலாமே! இதனை இளைஞர்க்கு எடுத்துரைக்க ஆசிரியர் நாணலாமோ?