பால் காய்ப்பு: புது வீட்டுக்கு யாரை முதலில் அழைப்பது?

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்துக்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைப்பாங்க. புதுமனை புகுவிழா வரும்போது சேர்த்த பணமெல்லாம் சிமெண்டாகவும் கம்பியாகவும் டைல்ஸாகவும் மாறியிருக்கும். வங்கிக் கடன் கட்டம் கட்டமாக வந்து, கடைசித் தவணையும் செலவாகியிருக்கும். பெயிண்டருக்குப் பாக்கி, கதவு செய்த ஆசாரிக்குப் பாக்கி. இந்த நிலைமையில்தான் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று கிளம்புகிறோம். வட்டிக்கு வாங்கி விழா நடத்திவிட்டு, குடியேறிய முதல் மாசமே தவணைக்குத் தடுமாறுகிற வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கு.

அதனால் சங்கரன்கோவில் பக்கம் பால் காய்ப்பு எப்படி நடக்கிறது, அதில் எது அவசியம், எது நாமாகச் சேர்த்துக்கொண்டது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அடுப்புதான் வீடு

வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்க. ஹோமம் கிடையாது, பத்திரிகை கிடையாது. ஒரு விளக்கு, ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி. அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சி, வந்த நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். அவ்வளவுதான், குடியேறியாச்சு. நம்ம சடங்கில் எது இல்லாமல் நடக்காதோ, அது இதுதான். மற்றதெல்லாம் அவரவர் வசதி, அவரவர் குல வழக்கம்.

இது நமக்கு மட்டும் உள்ள எண்ணம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் புது வீட்டு விருந்தை ‘கிரெமயேர் தொங்கவிடுதல்’ என்பார்கள். கிரெமயேர் என்றால் அடுப்புக்கு மேலே சமையல் பானையை மாட்டும் இரும்புக் கொக்கி. அதைத் தொங்கவிட்டால் சமையல் தொடங்கலாம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இந்த விருந்துக்குப் பெயரே ‘வீட்டைச் சூடாக்குவது’. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் புது வீட்டுக்குப் போகிறவர்கள் ரொட்டியும் உப்பும் கொண்டுபோவார்கள். நாம உப்பையும் அரிசியையும் முதலில் உள்ளே கொண்டுபோகிறோம். நெருப்பும் உணவும் வந்த பிறகுதான் கட்டடம் வீடாகிறது என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது.

பால் ஏன் பொங்குகிறது என்பதையும் சொல்லிவிடலாம். சூடு ஏறும்போது பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படியும். அடியிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் அந்த ஆடையையே தூக்கிக்கொண்டு எழும்பும். வாய் அகன்ற பெரிய சட்டியில் பால் எளிதில் பொங்காது. வாய் குறுகிய சின்னப் பாத்திரத்தில் முக்கால் அளவு ஊற்றினால் நல்ல நேரத்துக்குள் பொங்கிவிடும்.

தச்சு கழிப்பு: கட்டியவர்களின் இரவு

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரிப் பக்கங்களில் பால் காய்ப்புக்கு முந்தின ராத்திரி இன்னொன்று நடக்கும். ‘தச்சு கழிக்கிறது’ என்பாங்க. ஆசாரியும் கொத்தனாரும் தங்கள் கருவிகளை வைத்துப் பூசை செய்வார்கள். கோழியோ பூசணிக்காயோ பலியாகும். பிறகு தீப்பந்தத்தோடு ஒவ்வொரு அறையாகப் போய், அங்கே தங்கியிருப்பதாக நம்பப்படும் தோஷத்தை விரட்டி, வாசல் வழியாக வெளியேற்றுவார்கள். விவரங்கள் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். முடிந்ததும் வீட்டுக்காரர் வேட்டி, துண்டு, தட்சணை கொடுத்து அவர்களுக்குச் சாப்பாடு போடுவார்.

கதவு, ஜன்னலுக்காக மரங்கள் வெட்டப்பட்டன. அஸ்திவாரம் தோண்டும்போது எத்தனையோ உயிர்கள் போயின. அந்தக் குற்றம் குடியிருக்க வருகிறவர்களைத் தொடரக் கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தச் சடங்குக்குள் நல்ல ஒழுங்கு ஒன்று இருக்கு. அன்று ராத்திரி வரைக்கும் வீடு கட்டியவர்கள் கையில். அவர்கள் கணக்கு முடிந்து, மனசு நிறைந்து ஒப்படைத்த பிறகுதான் விடியற்காலையில் நாம் உள்ளே போகிறோம். ஜெர்மனியில் கூரைச் சட்டம் ஏறியதும் ‘ரிஷ்ட்ஃபெஸ்ட்’ என்று வேலையாட்களுக்கு விருந்து வைப்பதும் இதே மாதிரிதான்.

இப்போ பல வீடுகளில் இது சுருங்கி, இன்ஜினியருக்கு ஒரு சால்வை என்று ஆகிவிட்டது. வெயிலில் செங்கல் சுமந்த சித்தாள் அக்காவுக்குப் பத்திரிகைகூடப் போவதில்லை. விழா நடத்த யோசனை கேட்டால் என்னுடைய முதல் யோசனை இதுதான்: பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கூலிப் பாக்கியைத் தீர்த்துவிடுங்க. கொத்தனார், கையாள், சித்தாள், கம்பி கட்டினவங்க, ஆசாரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று பட்டியல் போட்டால் முப்பது பேர் வரலாம். முந்தின நாள் ராத்திரியே அவர்களைக் குடும்பத்தோடு அழைச்சு, மொட்டை மாடியில் இலை போட்டு, நீங்களே பரிமாறுங்க. சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர் போன ஊர், என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டாம். மறுநாள் பின்வாசலில் பார்சல் கொடுத்து அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மண்ணுக்கு முன்னாடி இருந்த சொந்தக்காரர்கள்

சங்கரநாராயணர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே புற்றுமண்தான் பிரசாதம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று வாதாடியதாகவும், கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கி இருவரும் ஓருருவாகக் காட்சி கொடுத்ததாகவும் தலக்கதை. வீட்டில் பாம்பு, தேள், பல்லித் தொல்லை இருந்தால் அந்த உருவங்கள் பொறித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது இங்கே நெடுநாள் வழக்கம்.

ஊரை ஒட்டிய காடு, தோட்டமெல்லாம் மனைகளாகிவரும் காலத்தில் இந்த வழக்கத்துக்கு அர்த்தம் கூடியிருக்கு. நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் பாம்பு இருப்பது அதிசயமே இல்லை. வேண்டுதலை வைத்துவிட்டு, கையோடு இதையும் செய்யுங்க: விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மிச்சச் செங்கல், பலகை, ஜல்லிக் குவியலை அகற்றிவிடுங்க. பாம்பும் தேளும் ஒதுங்கும் இடம் அதுதான். தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்கு வலை போடுங்க. விடியற்காலை இருட்டில் விருந்தாளிகள் நடக்கும் பாதைக்கு விளக்குப் போடுங்க.

நாளும் நேரமும்

பஞ்சாங்கப்படி ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் வாஸ்து நாள் கிடையாது. ஆடியில் வாஸ்து நாள் இருந்தாலும் குடிபோக மாட்டாங்க. எப்படியும் ஆடித்தபசு சமயத்தில் சங்கரன்கோவிலில் விழா வைத்தால், தேர்க் கூட்டத்தைத் தாண்டி விருந்தாளி வந்து சேருவதே பெரிய பாடு. ஐப்பசி, கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. துணிப் பந்தல் ஆகாது, தகரக் கொட்டகைக்குச் சொல்லி வையுங்க. தை, சித்திரை, வைகாசி, ஆவணி சௌகரியமான மாதங்கள். ஆனால் முகூர்த்த நாளில் சமையல்காரர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பெரும்பாலும் விடியற்காலை 4.30 முதல் 6 மணிக்குள் முகூர்த்தம் வைப்பாங்க. அந்த நேரத்துக்கு நெருங்கிய சொந்தம் இருபது, முப்பது பேர் போதும். மற்றவர்களை 7 மணிக்கு மேல் டிபனுக்கு அழைத்தால் கூட்டமும் பிரியும், செலவும் குறையும். இட்லி, வடை, பொங்கல், கேசரியோடு டிபனை மட்டும் நிறைவாகப் போட்டு முடித்தாலே மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மதியச் சாப்பாடு இல்லாவிட்டால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

ஸ்பீக்கர் விஷயம் முக்கியம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. சட்டத்தை விடுங்க, புதுத் தெருவில் நம்மைப் பற்றி அண்டை வீட்டார் முதலில் தெரிந்துகொள்வது நாலரை மணிக் குழாய்ச் சத்தமாகவா இருக்கணும்?

டைல்ஸ் வீட்டில் பழைய சடங்கு

நம்ம சடங்குகள் மண் தரைக்கும் சிமெண்ட் தரைக்கும் ஏற்பட்டவை. இப்போ தரை வழுவழு டைல்ஸ். பசுவையும் கன்றையும் உள்ளே கூட்டி வரும்போது குளம்பு வழுக்கி மாடு மிரளும். நனைத்த சாக்கை வாசலிலிருந்து வரிசையாக விரித்து வையுங்க. ஹோம குண்டத்தின் சூட்டில் டைல்ஸ் விரிசல் விடும். கீழே நாலு விரல் கனத்துக்கு மணல், அதன் மேல் செங்கல் பரப்பி, அப்புறம் குண்டம் வைக்கணும். ஜன்னல்களைத் திறந்து வைக்காவிட்டால் புகை புது வெள்ளைச் சுவரில் படியும். திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டு அப்படியே விட்டால் அடுத்து வரும் பைக்காரர் விழுவார். உடைத்த கையோடு அள்ளி ஓரமாகப் போடச் சொல்லி ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்க.

மொய்யும் வரியும்

மொய் நோட்டு நம்ம பக்கத்துச் சின்ன வங்கி. வந்ததை எழுதி வைப்போம், அவங்க வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வோம். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கு. வருமான வரிச் சட்டத்தில் கல்யாணத்தன்று வரும் பரிசுக்கு வரி இல்லை. புதுமனை புகுவிழாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். சட்டம் சொல்லும் ‘உறவினர்’ பட்டியலும் நம்ம பட்டியலும் ஒன்றல்ல. மாமா, அத்தை, சித்தப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லாம் உண்டு. சித்தப்பா மகன், அத்தை மகன் கிடையாது! சுவர்க் கடிகாரமும் மிக்ஸியும் இந்தக் கணக்கில் வராது. நோட்டில் பெயரோடு உறவுமுறையையும் எழுதி வையுங்க, பின்னாடி உதவும்.

பொறந்த வீட்டுச் சீர் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணன், தம்பிக்கும் குடும்பம் இருக்கு. ‘ஒரு குத்துவிளக்கு போதும்ண்ணே’ என்று தங்கச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டால், மதினிக்கும் அவளுக்கும் நடுவில் வரக்கூடிய ஒரு வருத்தம் அங்கேயே தீர்ந்துபோகும்.

விளக்கை யார் ஏந்துவது?

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. நகையை விற்று மனை வாங்கிக் கொடுத்த அம்மா, கணவரை இழந்தவர் என்பதால் வாசலில் ஓரமாக நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். நிறைகுடமும் விளக்கும் சுமங்கலிகள் கையில். யாரும் அம்மாவை விரட்டவில்லை, அவராகவே ஒதுங்கிக்கொள்வார். அந்த ஒதுங்கலைப் பார்த்தும் பேசாமல் இருப்பதுதான் நம்ம தப்பு.

இதை மாற்ற சாஸ்திரச் சண்டை எதுவும் தேவையில்லை. முந்தின வாரமே பெரியவர்களிடம், ஐயரிடம் ‘அடுப்பை அம்மாதான் பத்த வைப்பாங்க’ என்று சொல்லி வைத்துவிட்டால் போதும். அன்று காலையில் கூட்டத்துக்கு நடுவில் முடிவெடுக்கப் போனால் அம்மாவே வேண்டாம் என்பார். இப்படிச் செய்கிற வீடுகள் இருக்கு, அந்த வீடுகள் நல்லாவே இருக்கு.

கையில் பணம் குறைவு என்றால் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதற்கு என் கணக்கு இது. பேனர், ஸ்பீக்கர், மதியப் பந்தி, ஐந்நூறு பத்திரிகை நாலையும் விடலாம். கூலிப் பாக்கி, கட்டியவர்களுக்குச் சாப்பாடு, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வது, அம்மா கையால் பால் இந்த நாலையும் விடக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு கதவு விலைகூட இருக்காது. மிச்சப் பணம் முதல் மாசத் தவணைக்கு ஆகும்.